பனிக்குள் ஓர் உப்பளம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வருகிறவர்களுக்கு அனுமந்தை என்றால் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். எனக்கு அந்த ஊரும் அங்கிருந்து மரக்காணம் வரை நீளும் கரையும் ஒரு பாடப்புத்தகம். கெட்டுப்போகிற பொருளைக் கெடாமல் வைக்க மனிதர்கள் கண்டுபிடித்த பழைய வழிகளை இங்கே ஒரே காலையில் பார்த்துவிடலாம். குப்பத்தில் படகிலிருந்து இறங்கும் மீனை ஐஸ் போட்டு அடுக்குகிறார்கள். விலை போகாத மீன் உப்பேறிக் கருவாடாகக் காய்கிறது. மரக்காணத்தை நெருங்கினால் சாலையோரம் உப்பளம். கண் கூசும் வெள்ளையில் பாத்தி பாத்தியாகக் கிடக்கிறது.

ஒரு பெண்ணின் கருமுட்டையைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பது இந்த அத்தியாயத்தின் கேள்வி. ஐஸில் வைத்தால் போதாதா என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். மீன் வாங்கத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஃப்ரீசரில் கல்லாக இறுகிய மீனை வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள். தட்டு நிறையத் தண்ணீர் விடும். சதை தொளதொளவென்று ஆகிவிடும். அந்தத் தண்ணீர் மீனின் செல்களுக்குள் இருந்தது. உறையும்போது படிகமாகி, பருமனில் ஏறத்தாழ 9 சதவீதம் கூடி, செல்சவ்வுகளைக் கிழித்துவிட்டது. குழம்புக்கு அது பரவாயில்லை. குழந்தையாக வேண்டிய ஒரு செல்லுக்கு அது மரணம்.

ஆனால் பனிப்படிகத்தின் ஊசிமுனை மட்டும்தான் கொலைகாரன் என்று நினைத்தால் பாதி வழக்குதான் முடிந்திருக்கும். மீதிப் பாதியை அறிய உப்பளத்துக்குள் இறங்க வேண்டும்.

கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம். அதை முதலில் பெரிய தேக்கத்தில் விட்டு, பிறகு பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்ட விடுகிறார்கள். கண்ணாடிக் குழாய் போன்ற மானியை மிதக்கவிட்டு எத்தனை ‘டிகிரி’ என்று பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரி. 25 டிகிரியை எட்டும்போது, அதாவது பத்துப் பங்கு தண்ணீர் ஏறக்குறைய ஒரு பங்காகச் சுண்டிய பிறகு, உப்பு பூக்கத் தொடங்குகிறது. 30 டிகிரியைத் தொடவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கி உப்பு கசக்கும். அதற்குமுன் அந்தக் கசப்புத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். வெயில் எடுத்துப்போவது தண்ணீரை மட்டும். உப்பு எங்கேயும் போவதில்லை. மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

குளிரும் இதையே செய்கிறது என்பதுதான் வேடிக்கை. உப்புநீரைக் குளிரவைத்தால் முதலில் உறைவது தண்ணீர். பனிப்படிகம் தன் வரிசைக்குள் உப்பைச் சேர்ப்பதில்லை, வெளியே தள்ளிவிடுகிறது. பனி வளர வளர, உறையாமல் எஞ்சிய நீர் கரித்துக்கொண்டே போகிறது. வெயில் தண்ணீரை ஆவியாக்கி எடுக்கிறது, குளிர் அதைப் பனியாக்கி எடுக்கிறது. எஞ்சியதன் கதி ஒன்றுதான். உறையும் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு சின்ன மரக்காணம் இருக்கிறது. அந்தப் பாத்தியில் சிக்கிய செல், கருவாடாகிறது.

இதைச் சோதனையில் காட்டியவர் ஜேம்ஸ் லவ்லாக். பூமியே ஓர் உயிர்போல் இயங்குகிறது என்ற ‘கையா’ கருதுகோளால் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற அதே லவ்லாக்தான். 1953ல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் அவர் இரத்தச் சிவப்பணுக்களை உறையவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அணுக்கள் உடையத் தொடங்கும் புள்ளியில் சுற்றியிருந்த நீரின் உப்பு, இயல்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்காகியிருந்தது. உறைய வைக்காமலே அதே அளவு உப்புநீரில் அணுக்களைப் போட்டாலும் அதே சேதம். குளிருக்குக் கைதான் நீளம். அந்தக் கையில் இருந்த கத்தி உப்பு.

அதே மில் ஹில்லில் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு ஒரு குழப்பம் நடந்திருந்தது. கிறிஸ்டஃபர் போல்ஜும் ஆட்ரி ஸ்மித்தும் ஆலன் பார்க்ஸும் சேவல் விந்தைப் பழச்சர்க்கரைக் கரைசலில் உறையவைக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் திடீரென்று விந்தணுக்கள் உயிரோடு எழுந்தன. புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துச் செய்தால் மறுபடி தோல்வி. பாட்டிலில் மிஞ்சியிருந்த துளியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் சர்க்கரையே இல்லை, இருந்தது கிளிசரின். லேபிள் மாறிப்போன பாட்டில்! 1949ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. கிளிசரின் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும், செல்லுக்குள்ளும் நுழையும், எளிதில் உறையாது. அது இருக்கும் இடத்தில் அவ்வளவு தண்ணீர் பனியாகாது. ஆகவே அவ்வளவு உப்பும் செறியாது.

இந்தக் கண்டுபிடிப்பின் பயனை நம் ஊர்க்காரர்கள் ஆய்வுக்கூடம் போகாமலே பார்த்திருக்கிறார்கள். மாட்டுக்குச் ‘சினை ஊசி’ போட வருகிறவர் கொண்டுவரும் அலுமினியக் கேனைத் திறந்தால் வெண்புகை வழியும். அது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அதிலிருந்து மெல்லிய ஸ்ட்ராவை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் முக்கிப் பயன்படுத்துவார். எப்போதோ செத்துப்போன பொலிகாளைக்கு இன்றும் கன்று பிறப்பது அப்படித்தான்.

விந்தணுவுக்கு நடந்தது கருமுட்டைக்கு நடக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று? அளவு முதல் காரணம். மனித உடலின் மிகப் பெரிய செல் கருமுட்டை. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். விந்தணுவிடம் உறைவதற்குத் தண்ணீரே அதிகமில்லை. முட்டையோ குடம் நிறைந்த தண்ணீர். அதை வெளியேற்ற நேரம் வேண்டும். மெதுவாகக் குளிரவைத்தால் நேரம் கிடைக்கும், ஆனால் உப்பில் நீண்ட நேரம் ஊறும். வேகமாகக் குளிரவைத்தால் உப்புக்குத் தப்பும், ஆனால் வெளியேறாத தண்ணீர் உள்ளேயே பனியாகும். இந்த இருதலைக்கொள்ளி நிலையைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர் அமெரிக்க உயிரியலாளர் பீட்டர் மேசர்.

இன்னொரு காரணம் முட்டையின் உள்ளமைப்பு. வெளியே எடுக்கும் நேரத்தில் முட்டை, தன் குரோமோசோம்களை நூலிழைகளால் ஆன ஒரு கதிரில் வரிசையாக மாட்டி வைத்துக்கொண்டு, விந்தணுவுக்காகக் காத்து நிற்கிறது. குளிர் பட்டாலே அந்த இழைகள் கலைகின்றன. வெப்பம் திரும்பியதும் மறுபடி கோத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, உறைநிலை கண்டு வந்த முட்டையின் மேலுறை தடித்துவிடும். விந்தணு தானாகத் துளைத்துப் போக முடியாது என்பதால் நுண்ணூசியால் உள்ளே செலுத்த வேண்டியிருக்கிறது.

கருவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. எட்டு செல் கொண்ட கருவில் இரண்டு செத்தாலும் மற்றவை ஈடுகட்டும். முட்டைக்கு ஒரே உயிர். அதனால்தான் வரலாற்றில் கருவை உறையவைப்பது முந்திக்கொண்டது. அந்த வரலாற்றின் முதல் பக்கம் இந்தியாவில் எழுதப்பட்டது என்பதும், எழுதியவரின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினோம் என்பதும் நம் மருத்துவ மாணவர்கள் பலருக்கு இன்றும் தெரியாது.

1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, துர்கா பூஜைக் காலத்தில், கல்கத்தாவில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. துர்கா என்றே அழைத்தார்கள். டாக்டர் சுபாஷ் முகர்ஜி, குளிர்பதன நுட்பம் அறிந்த சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகிய மூவரின் உழைப்பு அது. இங்கிலாந்தில் செய்ததை இவர்கள் நகலெடுக்கவில்லை. ஊசிமருந்தால் ஒரே மாதத்தில் பல முட்டைகளை வளரவைத்தார்கள். உருவான கருவை டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற காப்புத் திரவத்தில் உறையவைத்து 53 நாள் காத்திருந்தார்கள். ஊசிமருந்தின் ஆட்டம் அடங்கி, தாயின் கருப்பை இயல்புக்குத் திரும்பிய பிறகு உள்ளே வைத்தார்கள். இன்று உலகெங்கும் கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடக்கும் வரிசை இது. மற்ற நாட்டினர் உறைந்த கருவிலிருந்து கர்ப்பம் உண்டானதாக அறிவித்தது 1983ல்.

அன்றைய மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. குழு சுபாஷ் முகர்ஜி சொன்னதை நம்பவில்லை. ஜப்பானில் தன் ஆய்வைப் பற்றிப் பேச வந்த அழைப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1981ல் ஹார்மோன் ஆய்வாளரான அவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு ஜூன் 19ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986ல் மும்பையில் இந்தியாவின் ‘முதல்’ சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கிய விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமார், பிற்பாடு முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். முதல்வர் நானல்ல, அவர்தான் என்று 1997ல் எழுதினார். தன் தலைமேலிருந்த கிரீடத்தைத் தானே கழற்றி இன்னொருவர் படத்துக்குச் சூட்டும் விஞ்ஞானிகளை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

முட்டைக்கு வருவோம். 1986ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கிறிஸ்டஃபர் சென், உறைந்த முட்டையிலிருந்து முதல் கர்ப்பத்தை அறிவித்தார். பிறந்தது இரட்டைக் குழந்தைகள். கொண்டாட்டம் நீடிக்கவில்லை. மெதுவாகக் குளிர்விக்கும் அந்த முறையில் 100 முட்டைகளை உருக்கினால் குழந்தையாவது ஏறக்குறைய 2. ஒரு பெண்ணிடம் ஒரு முறைக்குக் கிடைப்பதோ பத்துப் பதினைந்து முட்டை. கணக்கு உதைத்தது.

வழி வேறு பக்கமிருந்து வந்தது. அதைச் சொல்ல அடுப்படிக்குப் போக வேண்டும். சர்க்கரைப் பாகை ஆற அமரப் பல நாள் விட்டுவைத்தால் கற்கண்டு விளையும். பட்டை தீட்டியதுபோல் முகமும் முனையும் உள்ள படிகம். அதே இனிப்பை நன்றாகக் கெட்டிப் பதத்துக்குக் காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டால் படிகம் வராது. கடலைமிட்டாயின் பாகுபோல், ஒளி ஊடுருவும், கடித்தால் நொறுங்கும் ஒன்று வரும். மூலக்கூறுகள் வரிசையில் நிற்க நேரமே கிடைக்காமல், அங்கங்கே நின்ற நிலையில் திகைத்துவிட்ட பொருள். அறிவியல் மொழியில் அது கண்ணாடி. படிகமில்லை என்றால் ஊசிமுனை இல்லை. தண்ணீர் தனியாகப் பிரியவில்லை என்றால் உப்பு செறிவதும் இல்லை. ஒரே அடியில் இரண்டு எதிரியும் காலி.

வெறும் தண்ணீரை அப்படிக் கண்ணாடியாக்குவது மிகக் கடினம். காப்புப் பொருள்களைச் சேர்த்துப் பாகுபோல் கெட்டியாக்கினால் முடியும் என்று 1985ல் வில்லியம் ராலும் கிரெகரி ஃபேயும் எலிக் கருவில் செய்து காட்டினார்கள். 1999ல் இம்முறையில் பாதுகாத்த மனித முட்டையிலிருந்து முதல் குழந்தை பிறந்தது. 2005ல் ஜப்பானின் மசாஷிகே குவாயாமா, ‘கிரயோடாப்’ என்ற மெல்லிய பட்டையைக் கொண்டு இதைக் கைப்பழக்கத்துக்குரிய நுட்பமாக்கினார். 2012ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், முட்டையை உறையவைப்பது இனி ‘பரிசோதனை முயற்சி’ அல்ல என்று அறிவித்தது.

அந்தக் கைப்பழக்கம் பார்க்க வேண்டியது. எம்ப்ரியாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் கிண்ணத்தில் எத்திலீன் கிளைகாலும் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் வகைக்கு 7.5 சதவீதம். முட்டையை அதில் விட்டதும் உடனே சுருங்கும், வெளியே உள்ள கரைசல் கெட்டியாக இருப்பதால் தண்ணீர் வெளியேறுகிறது. பிறகு காப்புப் பொருள் மெல்ல உள்ளே நுழைய, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழைய உருண்டை வடிவுக்குத் திரும்பும். அடுத்த கிண்ணத்தில் இரு காப்புப் பொருள்களும் இரட்டிப்பு. கூடவே நம் வீட்டுச் சர்க்கரையேதான், சுக்ரோஸ். இங்கே இருப்பு ஏறத்தாழ ஒரே ஒரு நிமிடம். காப்புப் பொருள் இந்தச் செறிவில் நஞ்சும்கூட. உப்பளத்தில் கசப்பு இறங்குவதற்குமுன் தண்ணீரை மாற்றும் அதே அவசரம். அந்த நிமிடத்துக்குள் முட்டையைப் பட்டைமேல் ஏற்றி, சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சி, திரவ நைட்ரஜனில் முக்கிவிட வேண்டும். முட்டையோடு போகும் திரவம் 0.1 மைக்ரோலிட்டர் அளவுதான். குளிரும் வேகம் நிமிடத்துக்கு 20,000 டிகிரிக்கு மேல். அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 196க்குப் போக ஒரு வினாடிகூட ஆகாது.

உறையவைப்பதில்தான் திறமை என்று வெகுகாலம் எல்லாரும் நம்பினார்கள். சின்சுகே செக்கியும் பீட்டர் மேசரும் 2009ல் எலி முட்டைகளில் பார்த்தபோது, உயிரைத் தீர்மானித்தது திரும்பி வரும் வேகம். கண்ணாடி நிலையிலிருந்து மெல்ல வெதுவெதுப்பாக்கினால், போகும்போது தப்பிய பனி வரும் வழியில் விளைந்துவிடும். அதனால் உருக்கும் வேகம் நிமிடத்துக்கு 40,000 டிகிரியையும் தாண்டுகிறது. பட்டையை 37 டிகிரி கரைசலுக்குள் ஒரே வீச்சில் செருகிவிடுகிறார்கள். அந்தக் கரைசலிலும் சர்க்கரை அதிகம். காய்ந்து கிடந்த முட்டை தாகத்தில் ஒரேயடியாகத் தண்ணீர் குடித்து வெடித்துவிடாமல், சர்க்கரை வெளியே நின்று பிடித்துக்கொள்கிறது. பிறகு படிப்படியாகச் சர்க்கரையைக் குறைக்கிறார்கள். தேர்ந்த கைகளில், இளம் பெண்களின் முட்டைகளில் பத்துக்கு ஒன்பதுபோல் பிழைத்து வருகின்றன. இப்படிப் பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு கூடுதலாக இருப்பதாகத் தரவுகள் காட்டவில்லை.

இதற்குப்பின் தேவைப்படுவது காவல். மைனஸ் 196ல் வேதிவினைகள் நின்றுவிடுகின்றன, முட்டைக்கு வயதாவதில்லை. வயதாவது தொட்டிக்கு. திரவ நைட்ரஜன் இடைவிடாமல் ஆவியாகிறது, இட்டு நிரப்ப வேண்டும். 2018 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு மையத்தின் தொட்டி வெப்பமேறி, 4,000க்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் ஒரே இரவில் போயின. அதே வார இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் ஒரு தொட்டி பழுதானது. எங்கள் மையத்தில் எத்தனை குழந்தை பிறந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். தொட்டியை இரவில் யார் பார்க்கிறார்கள், அலாரம் அடித்தால் யார் போன் எடுப்பார், என் முட்டைகளை இரண்டு தொட்டிகளில் பிரித்து வைப்பீர்களா என்று கேட்கிற பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

‘இப்போது சேமியுங்கள், பிறகு பெற்றுக்கொள்ளுங்கள்’ என்ற தொனியில் வரும் விளம்பரங்கள்மேல் எனக்கு வேறொரு மனத்தாங்கலும் உண்டு. வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி சேரும். இங்கே அசலே முழுதாகத் திரும்பாது. பெண்குழந்தை பிறக்கும்போதே பத்து முதல் இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். பூப்படையும்போது மூன்று நான்கு லட்சம். புதிதாக ஒன்றும் உருவாவதில்லை, இருப்பதற்கும் அவளுக்கிருக்கும் வயதுதான். உறையவைக்கும்போது நிற்பது அந்த நாளின் வயது. ஸ்பெயினில் அனா கோபோவின் குழு 2016ல் வெளியிட்ட கணக்கில், 35 வயதுக்குள் உறையவைத்தவர்கள் 5 முட்டைகளைப் பயன்படுத்தியபோது குழந்தை பெறும் வாய்ப்பு ஏறக்குறைய 15 சதவீதம். 8 முட்டை என்றால் 40. அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு அதே 5க்கும் 8க்கும் முறையே 5, 20 சதவீதம். எண்ணிக்கையும் வயதும் சேர்ந்துதான் பேசும். முட்டைகளைப் பெற பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட வேண்டும், மயக்கத்தில் எடுக்க வேண்டும். அளவு மீறினால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். இப்போது மருந்தை மாற்றி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறார்கள் என்றாலும், ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த நுட்பத்துக்குத் தயங்காமல் கைதூக்க எனக்கு ஒரு காரணம் போதும்: புற்றுநோய். மார்பகத்திலோ நிணநீர்ச் சுரப்பியிலோ புற்று என்று சொல்லப்பட்ட இளம்பெண்ணின் உயிரைக் காக்கும் அதே மருந்து, சினைப்பையின் இருப்பையும் அழித்துவிடக்கூடும். கீமோ தொடங்குவதற்குமுன் இரண்டு வார இடைவெளி கிடைத்தால் போதும். மாதவிலக்கின் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம் என்று இப்போது தெரிந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் கட்டி என்றால் அந்த ஹார்மோன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரை சேர்க்கிறார்கள். பூப்படையாத சிறுமிக்கு முட்டை எடுக்க முடியாது. சினைப்பைத் திசுவையே கொஞ்சம் வெட்டி உறையவைக்கிறார்கள். திசுவைத் திரும்பப் பொருத்திக் குழந்தை பெற முடியும் என்று 2004ல் பெல்ஜியம் காட்டிவிட்டது. நடைமுறையில் தடுமாற்றம் இதற்கெல்லாம் முன்பே வந்துவிடுகிறது. நோயைச் சொல்லும் மருத்துவருக்குக் குழந்தையைப் பற்றிப் பேச நேரமில்லை. வீட்டாருக்கோ, கல்யாணமாகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்ற கூச்சம். அந்த இரண்டு வாரம் அதிலேயே கரைந்துவிடும்.

பேசி முடித்து, ஒப்புக்கொண்டு மையத்துக்குப் போனால் கையில் ஒரு படிவம் தருவார்கள். 2021ல் நாடாளுமன்றம் இயற்றிய கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர்களுக்கும் 50ஐக் கடந்த பெண்களுக்கும் இந்தச் சேவை இல்லை. கருவென்றால் 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு முட்டையையும் உறையவைக்கக் கூடாது. அந்த ஒப்புதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்: நீங்கள் இறந்துவிட்டால், அல்லது முடிவெடுக்க முடியாத நிலைக்கு ஆளானால், இந்த முட்டைகளை என்ன செய்வது?

முதல் கீமோவுக்கு நாள் குறித்திருக்கும் 27 வயதுப் பெண், அந்தக் கோட்டுக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அம்மா இருப்பார்.